சாராளிடம் யார் சொன்னது?

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தின் முதல் 15 வசனங்களை வாசிக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷக் கதைக்கு யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக உரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். குர்ஆனிலும் இதே விருந்து வருகிறது. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் எங்கேயாவது இதைச் சந்தித்தே தீருவார்கள்: பள்ளியில் சமயக் கல்வி வகுப்பில், சிநேகிதியின் சர்ச்சில், ஏதோ ஒரு மியூசியத்தின் சுவரில். அப்புறம் வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்பார்கள்.

நம்மில் பெரும்பாலானவர்களின் கையில் இருப்பது ஒரு வரிச் சுருக்கம்தான். கடவுள் விருந்தாளி வேஷத்தில் வருவார், நல்லா கவனிச்சா வரம் கிடைக்கும். இளையான்குடி மாற நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில் இது உடனே பிடிபடும். நடுராத்திரி மழையில் வந்த சிவனடியாருக்காக, விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்து சமைத்த குடும்பம் அது. அதே மாதிரி இது, என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அந்தச் சுருக்கத்தில் தப்பில்லை. ஆனால் கதையின் பாதி அதற்குள் அடங்கவில்லை. அந்தப் பாதி கூடாரத்துக்கு உள்ளே நிற்கிறது.

கதையை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மம்ரே என்ற இடத்தில், மரங்களுக்குப் பக்கத்தில், கூடார வாசலில் ஆபிரகாம் உட்கார்ந்திருக்கிறார். உச்சி வெயில். நிமிர்ந்து பார்த்தால் எதிரே மூன்று ஆண்கள். ஓடிப்போய்த் தரையில் விழுந்து வணங்கி, கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று கெஞ்சுகிறார். அவர்கள் சம்மதித்ததும் உள்ளே ஓடி மனைவி சாராளை மாவு பிசையச் சொல்கிறார். மாட்டு மந்தைக்கு ஓடி இளங்கன்று ஒன்றைப் பிடித்து வேலையாளிடம் கொடுக்கிறார். தயிர், பால், கறி எல்லாம் மரத்தடியில் பரிமாறிவிட்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிட்டவர்கள், உன் மனைவி சாராள் எங்கே என்று கேட்கிறார்கள். உள்ளே இருக்கிறாள் என்கிறார். அடுத்த வருஷம் இதே காலத்தில் அவளுக்கு ஒரு மகன் இருப்பான் என்று வந்தவர் சொல்கிறார். உள்ளேயிருந்து கேட்ட சாராள் தனக்குள் சிரித்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பு வெளியே தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இதில் முதல் விசேஷம், வந்தது யார் என்று நமக்குத் தெரியும், ஆபிரகாமுக்குத் தெரியாது என்பது. கடவுள் அவருக்குக் காட்சி கொடுத்தார் என்று முதல் வசனமே நம் காதில் போட்டுவிடுகிறது. ஆபிரகாமின் கண்ணுக்குத் தெரிவதோ தூசி படிந்த காலோடு மூன்று பேர். படிக்கிற நமக்கு அவரைவிடக் கூடத் தெரியும். அதனால் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பரீட்சை ஹாலில் நிற்கிற சூப்பர்வைசர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று பேரா, ஒருவரா என்பதிலும் கதை பிடி கொடுப்பதில்லை. ஆபிரகாம் முதலில் ஒருமையில் பேசுகிறார், அடுத்த வசனத்தில் பன்மைக்குத் தாவுகிறார். அவர் கூப்பிடும் சொல்லின் எபிரேய எழுத்துகளை, உயிர்க்குறிகள் போடும் விதத்தைப் பொறுத்து 'ஐயா' என்றும் படிக்கலாம், 'ஐயாமாரே' என்றும் படிக்கலாம், 'ஆண்டவரே' என்றும் படிக்கலாம். பழைய தமிழ் பைபிளில் இந்தத் தாவல் பளிச்சென்று தெரியும். 'நீர்' என்று ஆரம்பித்து 'உங்கள்' என்று போய்விடும். இன்றைய ஆங்கிலத்தில் இது காணாமல் போகிறது, 'யூ' ஒன்றே இரண்டுக்கும் போதுமே. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிரதிதான் பள்ளியில் கிடைக்கும். பக்கத்தில் தமிழ்ப் பிரதியை வைத்து அந்த இரண்டு வசனங்களை மட்டும் காட்டினாலே, தமிழ் எதற்குன்னு கேட்கிற வயசில் ஒரு நல்ல பதில் அது.

இந்தக் குழப்பத்தை ஆளுக்கு ஆள் ஒரு விதமாகத் தீர்த்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ரஷி, பழைய ரபிகளைப் பின்பற்றி, மூவரும் தேவதூதர்கள், ஆளுக்கு ஒரு வேலை என்றார். ஒருவர் சாராளுக்குச் செய்தி சொல்ல, ஒருவர் ஆபிரகாமைக் குணப்படுத்த, ஒருவர் சோதோமைக் கவிழ்க்க. ஒரு தூதருக்கு இரண்டு வேலை கிடையாதாம். எங்கள் ஆபீஸில் ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே பொறுப்புதான் என்று ஜூனியர்களுக்குச் சொல்லித் தருவோம், அதுதான் ஞாபகம் வந்தது. 12ஆம் நூற்றாண்டு மைமோனிடிஸ் ஒரே வெட்டாக வெட்டினார்: இது முழுக்கவும் ஆபிரகாம் கண்ட தரிசனம். அடுத்த நூற்றாண்டில் நாக்மனிடிஸ் விடவில்லை. அப்படியானால் சாராள் மாவும் பிசையவில்லை, சிரிக்கவும் இல்லை என்றாகிவிடுமே என்று மறுத்தார். எனக்கு நாக்மனிடிஸ் பக்கம்தான் சாய்வு. அந்த மாவு எனக்கு வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எரிக் அவர்பாக் என்ற ஜெர்மானிய யூத அறிஞர் நாஜி ஆட்சியில் வேலையிழந்து இஸ்தான்புல்லில் தங்கியிருந்தபோது 'மிமெசிஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். 1946இல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் ஹோமரின் காவியத்தையும், ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கூட்டிப்போகும் ஆதியாகமக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் காட்டுவார், எபிரேயக் கதை அவசியமானதை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை இருட்டில் விடும் என்பது அவர் வாதம். பலிக் கதைக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் 18ஆம் அதிகாரத்துக்கு வந்தால் இதே ஆபிரகாமைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். மாவு மூன்று சேயா, அதுவும் நயமான மாவு. ஒரு சேயா ஏறத்தாழ 7 லிட்டர், ஆக மூன்று பேருக்கு 20 லிட்டருக்கு மேல் மாவு! நம்ம வீட்டு விருந்துக் கணக்கு தோற்றது. கன்று இளசாகவும் நல்லதாகவும் இருந்தது என்பது வரைக்கும் இருக்கிறது. 99 வயசு மனுஷர் இரண்டு தடவை ஓடுகிறார். 'சீக்கிரம்' என்ற பொருள் கொண்ட வினைச்சொல் இரண்டே வசனத்தில் மூன்று தடவை வருகிறது. ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லிவிட்டு ஒரு கன்றையே சமைத்திருக்கிறார். கொஞ்சமாகச் சொல்லி நிறையச் செய்வதுதான் நல்லவர்களின் வழக்கம் என்று தல்மூத் இதை மெச்சுகிறது.

மாவின் அளவு வரைக்கும் சொல்லத் தெரிந்த கதாசிரியர் இவர். அப்படிப்பட்டவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அதைக் கவனிக்க வேண்டாமா?

பரிமாறின பட்டியலில் தயிர் இருக்கிறது, பால் இருக்கிறது, கன்றுக் கறி இருக்கிறது. ரொட்டி இல்லை. சாராள் அவசர அவசரமாகப் பிசைந்த அந்த 20 லிட்டர் மாவு என்ன ஆனது? பழைய ரபிகள் இதைப் பார்த்துவிட்டார்கள். தல்மூத்தில் ஒரு விளக்கம் வருகிறது: மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே, எப்போதோ நின்றுபோயிருந்த மாதவிலக்கு அவருக்குத் திரும்ப வந்துவிட்டது, மாவு தீட்டாகிவிட்டது, அதனால் ரொட்டி வெளியே போகவில்லை. தீட்டு என்ற சொல் நமக்கும் புதுசில்லை, அதோடு எனக்கு இருக்கிற சண்டை வேறு. ஆனால் வாசிப்பு என்ற அளவில் இது பிரமாதம். வெளியே மரத்தடியில் செய்தி சொல்லப்படுவதற்கு முன்பே, உள்ளே அது நடக்க ஆரம்பித்துவிட்டது. காணாமல் போன ஒரு ரொட்டியிலிருந்து இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

அடுத்தது அந்தக் கேள்வி. சாப்பிட்டு முடித்தவர்கள் பேசும் முதல் விஷயமே, சாராள் எங்கே என்பது. பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். வழிப்போக்கர்களுக்கு வீட்டம்மா பேர் எப்படித் தெரியும்? அதிலும் இது புதுப் பேர். அதுவரை அவர் சாராய். முந்தின அதிகாரத்தில்தான் கடவுள், இனி அவள் பேர் சாராள் என்று ஆபிரகாமிடம் சொல்கிறார். அதற்குப் பிறகு கதைக்குள் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்வது இந்த விருந்தாளிகள்தான். தன் பேர் மாறிவிட்டது என்பதாவது அவருக்குத் தெரியுமா?

17ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் இன்னும் இறுகுகிறது. அங்கே கடவுள் ஆபிரகாமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாராளுக்கு மகன் பிறப்பான், அவனுக்கு ஈசாக்கு என்று பேர் வை, அடுத்த வருஷம் இதே சமயம். ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். 100 வயசில் ஒருவனுக்கா, 90 வயசில் ஒருத்திக்கா என்று மனசுக்குள் நினைக்கிறார். ஆகார் பெற்ற இஸ்மவேல் இருக்கிறானே, அவன் போதும் என்கிறார். அன்றைக்கே வீட்டு ஆண்கள் எல்லாருக்கும், 13 வயசு இஸ்மவேல் உட்பட, விருத்தசேதனம் நடக்கிறது. கூடாரத்தில் எவ்வளவு பெரிய கலவரமாக இருந்திருக்கும்! அந்த அதிகாரம் முழுக்கத் தேடினாலும், ஆபிரகாம் சாராளிடம் போய், நமக்கு ஒரு பிள்ளை பிறக்கப் போகிறதாம் என்று சொன்னதாக ஒரு வரி இல்லை.

நான்காம் வகுப்புப் படிக்கிற என் பொண்ணோடு சேர்ந்து இதை வாசித்தபோது அவள் வேறு எதையும் கேட்கவில்லை. தூதர்கள் எப்படிச் சாப்பிட்டாங்க என்று கேட்பாள், பதில் வைத்திருந்தேன். (சாப்பிடுவது போல் காட்டினார்கள் என்று யூத உரை. குர்ஆனில் அவர்கள் பொரித்த கன்றைத் தொடவே இல்லை, அதனால்தான் இப்ராஹிம் பயந்துபோகிறார்.) அவள் கேட்டது: "அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே, ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

இதற்குப் படிப்பாளிகள் தரும் பதில் ஒன்று உண்டு. 17ஆம் அதிகாரம் ஒரு மரபிலிருந்து வந்தது, 18 இன்னொரு மரபிலிருந்து. ஒரே பிறப்புச் செய்தி இரண்டு வடிவத்தில் இருந்தது, பின்னால் தொகுத்தவர் இரண்டையும் விடாமல் அடுத்தடுத்து வைத்துவிட்டார். இரண்டு பேர் தனித்தனியாக எழுதின கோடை ஒன்றாக மெர்ஜ் பண்ணுவது என் தினசரி வேலை என்பதால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. இரண்டு வடிவத்திலும் யாராவது சிரிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஈசாக்கு என்ற பேருக்கே 'சிரிக்கிறான்' என்று அர்த்தம். ஒன்றில் அப்பா சிரித்தார், இன்னொன்றில் அம்மா.

சரி. ஆனால் தொகுத்தவர் முட்டாள் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு உண்டாகிற கதை ஒரே கதைதான், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மக்கள் வாசித்ததும் அதைத்தான். அந்தக் கதையில் கணவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் விருந்தாளிகள் ஏன் வந்தார்கள் என்பதே மாறிவிடுகிறது. ஆபிரகாமிடம் சொல்ல வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. மகன், அவன் பேர், தேதி எல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது. அதே செய்தியை இன்னொரு தடவை, கூடாரத்துத் துணிக்குப் பின்னால் நிற்கிறவரின் காதில் விழுகிற மாதிரி சொல்லத்தான் மூன்று பேர் அந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறார்கள். சாராள் எங்கே என்ற கேள்வி, அவர் கேட்கிற தூரத்தில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளும் கேள்வி.

நம்ம வீடுகளில் இந்தக் காட்சி தெரிந்ததுதான். ஆண்கள் ஹாலில், அம்மா அடுப்படியில், அம்மாவின் காது மட்டும் ஹாலில். நான் வளர்ந்த வீட்டில் முக்கியமான தகவல்கள் பாதி இப்படித்தான் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது சிரிப்பு. சாராள் மனசுக்குள் சொல்லிக்கொள்வதில் மூன்று விஷயம் இருக்கிறது. நான் தேய்ந்து நைந்துபோனேன். இனிமேல் எனக்கு இன்பமா? என் புருஷனும் கிழவர். நைந்துபோதல் என்று நான் சொல்லும் எபிரேய வினை பழந்துணிக்குச் சொல்லுவது. 'இன்பம்' என்பதற்கு வரும் 'எத்னா' என்ற சொல் ஏதேன் என்ற தோட்டத்தின் பேரோடு ஒலி ஒத்துப்போவது. சுகம், சதையின் சுகம். பிள்ளை பிறக்குமா என்பதற்கு முன்னால் அவருக்கு நினைவு வருவது அதுதான். மூவாயிரம் வருஷப் பக்கத்துக் கதையில் 90 வயசுப் பெண்ணின் மனசுக்குள் இப்படி ஒரு வாக்கியத்தை வைத்திருக்கிறார்கள். சமயக் கல்வி வகுப்பில் இது வராது, நானும் பொண்ணிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் நமக்குத்தான் இது.

அடுத்த நொடி கடவுள் ஆபிரகாமிடம் கேட்கிறார்: சாராள் ஏன் சிரித்தாள், வயசான நான் பெறுவேனா என்று ஏன் நினைத்தாள்? ராபர்ட் ஆல்டர் 1981இல் வந்த 'பைபிள் கதைசொல்லும் கலை' பற்றிய தன் புத்தகத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சொல் விழுந்தது, எது மாறியது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும். இங்கே அப்படிப் பார்த்தால், சாராள் சொன்ன மூன்றில் இன்பம் போய்விட்டது. புருஷன் கிழவர் என்பதும் போய்விட்டது. மிஞ்சியது, நான் கிழவி என்பது மட்டும். புருஷன் மனசு நோகக் கூடாது, வீட்டில் சமாதானம் கெடக் கூடாது என்று கடவுளே வாக்கியத்தை மாற்றிச் சொன்னார் என்று ரபிகள் எழுதினார்கள். சமாதானத்துக்காக உண்மையைக் கொஞ்சம் வளைக்கலாம் என்பதற்கு தல்மூத் காட்டும் உதாரணங்களில் இது ஒன்று. நல்ல மனசுதான். ஆனால் கணவர் 17ஆம் அதிகாரத்தில் விழுந்து விழுந்து சிரித்தபோது யாரும் அவரை ஏன் சிரித்தாய் என்று கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

சாராள் பயந்து மறுக்கிறார். நான் சிரிக்கவில்லை. பதில் எபிரேயத்தில் மூன்றே சொல்: அப்படியில்லை, சிரித்தாய். காட்சி அங்கே முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று வசனத்தில் பேர் இல்லை. ஆபிரகாம் என்று படித்தவர்கள் உண்டு. கடவுள் என்று படித்தால், எபிரேய வேதத்தில் கடவுள் சாராளிடம் நேராகப் பேசுவது இந்த ஒரு இடம்தான். இவ்வளவு சுற்றி வளைத்து வந்தது இந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசத்தான் என்கிற மாதிரி ஒரு பழைய மித்ராஷ் உரை உண்டு. இந்தக் கடைசி மூன்று சொல்லை ரொம்ப நாள் நான் திட்டு என்றே வாசித்தேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. துணிக்குப் பின்னால் தனக்குள் சிரித்ததைக்கூட ஒருவர் கேட்டுவிட்டார், கேட்டதை மறுக்கவும் விடவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேரே சிரிப்பு என்னும்போது அந்தச் சிரிப்பு இல்லை என்று ஆகிவிடக் கூடாது இல்லையா.

துணி என்றேன். கூடார வாசலுக்கான சொல் இந்தப் பத்து வசனத்துக்குள் மூன்று தடவை வருகிறது. ஆபிரகாம் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அங்கிருந்து ஓடுகிறார், பிறகு சாராள் அங்கேயே நின்று கேட்கிறார். அது திறப்பு, கதவு இல்லை. அடுத்த அதிகாரத்தில் அதே சாயங்காலம் இரண்டு தூதர்கள் சோதோமுக்குப் போகும்போது லோத்து ஊர் வாசலில் உட்கார்ந்திருப்பதும், எழுந்து வணங்குவதும், வற்புறுத்தி அழைத்து விருந்து வைப்பதும் மம்ரேயின் அச்சு அசல் நகல். ஆனால் அந்த வீட்டுக்குக் கதவு இருக்கிறது. ஊரே திரண்டு வந்து விருந்தாளிகளை வெளியே விடு என்று கத்தும்போது லோத்து வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்துகிறார். பிறகு அவர் அந்தக் கூட்டத்துக்குத் தன் மகள்களைக் கொடுக்க முன்வருவது பற்றி இங்கே எழுத இடம் போதாது. விருந்தோம்பலைப் பாராட்டும் எந்தக் கட்டுரையும் அந்த வரியைத் தாண்டி ஓடிவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். அங்கேயும் வீட்டுக்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஆபிரகாமின் பெரிய பேரம். நீதிமான்கள் 50 பேர் இருந்தால் ஊரை அழிப்பாயா என்று ஆரம்பித்து 45, 40, 30, 20, 10 என்று கடவுளிடமே குறைத்துக்கொண்டு போகிறார். ஒரு ஊருக்காக இப்படி வாயாடத் தெரிந்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியர்கள் இந்தக் கதையை என்ன செய்தார்கள் என்பதும் ஒரு வாசிப்புதான். இத்தாலியின் ரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டுச் சான் விதாலே தேவாலயத்தில் இதற்கு ஒரு மொசைக் இருக்கிறது. மரத்தடியில் மேஜை, மூன்று விருந்தாளிகள், பரிமாறும் ஆபிரகாம். இடது ஓரத்தில் வாசலில் சாராள் நிற்கிறார். வலது ஓரத்தில், அதே அரைவட்டச் சுவரில், மகனைப் பலியிடக் கத்தியை ஓங்குகிற ஆபிரகாம். 15ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ரஷ்யாவில் ஆந்த்ரேய் ருப்லியோவ் வரைந்த ஐகான் இதைவிடப் பிரசித்தம். கிறிஸ்தவ திரித்துவத்தைக் காட்டும் படங்களில் அதற்கு மிஞ்சியது இல்லை என்பார்கள். அதில் மூன்று தூதர்கள், ஒரு மேஜை, ஒரு கிண்ணம். அவ்வளவு அமைதி. ஆனால் ஆபிரகாமும் இல்லை, சாராளும் இல்லை. மூன்று பேர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் சமைத்தவர்கள் படத்தை விட்டுப் போய்விட்டார்கள். அழகுக்கு ருப்லியோவ், கதைக்கு ரவென்னா என்பேன்.

ரவென்னாவின் அந்த வலது ஓரம் வரைக்கும் போகாமல் இந்தக் கதையை நிறுத்த முடியாது. 21ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு பிறக்கிறான். கடவுள் எனக்குச் சிரிப்பைக் கொடுத்தார், கேட்கிற எல்லோரும் சிரிப்பார்கள் என்கிற பொருளில் சாராள் பேசுகிறார். முதல் தடவையாக வெளியே கேட்கச் சிரிக்கிறார். கொஞ்ச நாளிலேயே, இஸ்மவேல் சிரித்து விளையாடுவதைப் பார்த்து (அதே வேர்ச்சொல்தான்) ஆகாரையும் அவனையும் துரத்தச் சொல்வதும் அவரே. சாராளைத் தேவதையாக்க நான் வரவில்லை.

22இல் கடவுள் ஆபிரகாமிடம் மகனைப் பலி கேட்கிறார். சோதோமுக்காகப் பத்து வரைக்கும் பேரம் பேசினவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து கழுதையைத் தயார் செய்கிறார், விறகை வெட்டுகிறார், கிளம்புகிறார். சாராள் எங்கே என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

நம் சிறுத்தொண்டர் கதை இங்கே வேறு மாதிரி போகிறது. அவரையும் சிவன் விருந்தாளியாகத்தான் வந்து சோதிக்கிறார். வந்தவர் ஆத்தி மரத்தடியில் காத்திருக்கிறார், பிள்ளைக் கறி கேட்கிறார். ஆனால் சிறுத்தொண்டர் நேராக வீட்டுக்கு வந்து மனைவி திருவெண்காட்டு நங்கையிடம் விஷயத்தைச் சொல்கிறார். சீராளனைப் பற்றிய அந்தப் பயங்கரமான முடிவை இருவரும் சேர்ந்தே எடுக்கிறார்கள். சின்ன வயசிலிருந்து என்னால் ஜீரணிக்க முடியாத கதை அது, இப்போதும் முடியாது. ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

ஈசாக்கு பிழைத்தான், கடைசி நிமிஷத்தில் கை தடுக்கப்பட்டது. ஆபிரகாம் பெயெர்செபாவுக்குத் திரும்பிப் போனார் என்று அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரம், சாராள் 127 வயசில் எபிரோனில் இறந்தார் என்று ஆரம்பிக்கிறது. அழுது புலம்ப ஆபிரகாம் வந்தார் என்று இருக்கிறது. வந்தார் என்றால் எங்கிருந்து? ஒருவர் பெயெர்செபாவில், ஒருவர் எபிரோனில். நடுவில் என்ன நடந்தது என்று கதை சொல்லவில்லை. மகனை எங்கே கூட்டிப்போனார் என்ற செய்தி காதில் விழுந்த அதிர்ச்சியில்தான் சாராளின் உயிர் போனது என்று மித்ராஷ் அந்த இடைவெளியை நிரப்பியது.

அடக்கம் செய்ய நிலம் வேணும். ஏத்தியர்களிடம் மூன்று சேயா மாவு போலவே கணக்குச் சுத்தமாக, 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து ஆபிரகாம் ஒரு குகையை வாங்குகிறார். அது மம்ரேக்கு எதிரே இருக்கிறது என்று கதை இரண்டு தடவை சொல்கிறது. கூடாரத்தை அவர் என்ன செய்தார் என்று அப்போது தெரியாது. 24ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில்தான் அது திரும்ப வருகிறது. தூர தேசத்திலிருந்து வந்த ரெபெக்காளை ஈசாக்கு கூட்டிக்கொண்டு போவது அம்மா சாராளின் கூடாரத்துக்குள்தான்.